அக்காவின் பெயரில் ஒரு தோணி

அருப்புக்கோட்டைக்குக் கடல் கிடையாது. திருச்சுழிப் பக்கம் குண்டாறு இருக்கிறது; மழைக்காலத்தில் கொஞ்ச நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் மணல். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் அப்பா தோணி கட்டினார்.

அவர் மிளகாய் வத்தல் வியாபாரி. கைத்தறிச் சேலைகளையும் மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்புவார். அடுத்தவர் தோணியில் இடம் கேட்டுக் காத்துக் கிடந்து அலுத்துப்போய், இரண்டாவது உலகச் சண்டை முடிந்த வருஷம் தூத்துக்குடிக் கரையில் சொந்தமாகவே ஒன்று கட்டக் கொடுத்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. அக்காவுக்குப் பதினெட்டு.

தோணியை ஓட்டிப் போகும் தலைவனைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் தூத்துக்குடிக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஐம்பது வயதிருக்கும். தோணி முடியும் சமயத்தில், பெயர் என்ன வைப்பது என்று கேட்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சித்தப்பா குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். அம்மா முருகன் பெயரைச் சொன்னாள். தண்டல் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சாமி பேரு வைக்கலாம் முதலாளி, குத்தமில்ல. ஆனா காத்துல நின்னு கத்திக் கூப்பிடணும்லா, சின்னப் பேரா இருந்தா நல்லது. பொம்பளப்பிள்ள பேருன்னா இன்னும் விசேஷம். எங்கன போனாலும் வீடு திரும்பிருவான்னு எங்க ஆளுக நெனைப்பாக."

அந்த நேரம் பார்த்து அக்கா மோர்ச் செம்போடு வந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்து அவள் பெயரைச் சொன்னார்.

"என்னப்பா?" என்றாள் அக்கா.

"உன்னையக் கூப்பிடல தாயி. தோணியக் கூப்பிட்டேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் செம்பை வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் பக்கத்துப் பந்தல்குடியத் தாண்டினதில்ல. என் பேரு கொழும்புக்குப் போகப் போகுது" என்றாள். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோணியைக் கடலில் இறக்கிய நாளில் அவள் போக முடியவில்லை. அதே நாளில்தான் பாலவனத்தத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா மட்டும் காலையில் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் அவதி அவதியாகத் திரும்பி வந்தார். இரண்டு காரியமும் நல்லபடியாக முடிந்தது. சித்திரையில் கல்யாணம் என்று பேசினார்கள். தோணியை எப்போது பார்ப்பாய் என்று நான் கேட்டதற்கு, "கல்யாணம் முடிஞ்சு அவுக கூட்டிட்டுப் போவாக" என்றாள். அவுக என்று சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது.

பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்றார் வைத்தியர். பிறகு டவுனு டாக்டரும் வந்து பார்த்தார். மூன்று வாரம் கிடந்தாள். கடைசி நாட்களில் யாரையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் கண்ணிமை அசையும். அதனால் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இமை அசையவில்லை.

கன்னியாகப் போன பிள்ளை என்பதால் அவள் சேலை ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தோம். வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அப்பா "பிள்ள" என்பார். அம்மா அதுவும் சொல்ல மாட்டாள்.

ஆனால் தோணி ஓடிக்கொண்டிருந்தது. அது கொழும்பு போய்ச் சேர்ந்தால் தூத்துக்குடி ஏஜெண்டு எங்களுக்குத் தந்தி கொடுப்பார். தந்தி இங்கிலீஷில் வரும். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அக்கா போன பிறகு வந்த முதல் தந்தியைப் பிரித்ததும் முதல் சொல்லாக அவள் பெயர் நின்றது. அம்மா எதிரில் இருந்தாள். நான் பெயரை விழுங்கிவிட்டு, "தோணி பத்திரமாப் போய்ச் சேந்துருச்சும்மா" என்றேன். அடுத்ததையும் அப்படித்தான் வாசித்தேன்.

மூன்றாவது தந்தி வந்தபோது அப்பா திருச்சுழிக்கு வத்தல் பார்க்கப் போயிருந்தார். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். தந்திக்காரர் ஊருக்குப் புதியவர்; அது தோணியின் பெயர் என்று அவருக்குத் தெரியாது. அம்மா அவரையே வாசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அம்மா நடுவீட்டில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு சொன்னாரு, அவ வந்துட்டாளாம்" என்றாள். "பத்திரமா வந்து சேந்துட்டா, சொகமா இருக்கான்னு சொன்னாரு. நான் எங்கன்னு கேட்டேன் தாயி. எங்க வந்துருக்கான்னு கேட்டுட்டேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொழும்புன்னாரு. அதுக்கப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு." காகிதத்தை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டாள். "இத்தன நாளும் பேர முழுங்கிட்டுத்தான் வாசிச்சியா?"

"ஆமாம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. அப்பா வந்ததும், "அந்தப் பேர எடுத்துருங்க. வேற என்னமும் வைங்க. இன்னொரு தடவ அவ வந்துட்டான்னு யாராவது சொன்னா நான் இருக்க மாட்டேன்" என்றாள்.

அப்பா அன்றைக்கே தண்டலுக்கு எழுதிப் போட்டார். ஆடிக் காற்றில் கடல் மோசமாகும்போது தோணியைக் கரையேற்றிப் பலகை இடுக்கையெல்லாம் பஞ்சு வைத்து அடைப்பார்கள்; அப்போதுதான் பெயரில் கை வைக்க முடியும், மிதக்கிற தோணியில் பேரை எடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஆடி மாதம் வரச் சொன்னார். நானும் வருவேன் என்றாள் அம்மா. மூன்று பேரும் போனோம்.

வீட்டைவிட உயரமாக அந்தத் தோணி மணலில் நின்றது. முகப்புப் பலகையில் அக்காவின் பெயர், மூன்று எழுத்து, ஆழமாகச் செதுக்கி மஞ்சள் அடித்திருந்தது. அதற்குக் கீழே காய்ந்த பூச்சரம் தொங்கியது. அம்மா அதையே பார்த்தாள்.

"நாங்க போட்டதும்மா" என்றார் தண்டல். "சேதி கேட்டப்ப தோணியில லோடு ஏறிட்டிருந்துச்சு. கறுப்புத் துணி கட்டித்தான் கொண்டுபோனோம். மாதா கோயில்ல பிள்ளைக்கு ஒரு பூசையும் வச்சோம். என்னத் தவிர ஆளுக யாரும் அவளப் பாத்ததில்ல. ஆனா பெரிய காத்துலகூட எங்கள விட்டதில்ல." பிறகு அப்பாவிடம் திரும்பி, "நல்லா யோசிச்சுக்கிடுங்க முதலாளி. ஆளுக பேர மாத்த வேண்டாம்னுதான் சொல்லுதாக" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை அசைத்தாள். எடுக்கத்தான் வேண்டும்.

தண்டல் முறையைச் சொன்னார். பெயர் வைத்த கைதான் உளி பிடிக்கவேண்டும். உளி வைக்குமுன் பழைய பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டு, போய்ட்டு வா என்று விடை கொடுக்கவேண்டும். செதுக்கி விழும் சிராய் காலில் மிதிபடக் கூடாது, அடுப்புக்கும் போகக் கூடாது, கடலுக்குத்தான் கொடுக்கவேண்டும்.

அப்பா உளியை வாங்கிக்கொண்டு முகப்பில் போய் நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். தோணி ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா இறந்த நாளிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொன்னதேயில்லை. அங்கேயும் அவரால் சொல்ல முடியவில்லை.

அம்மா முன்னால் போனாள். பலகையில் உள்ளங்கையை வைத்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழுகுரலில் அல்ல. சோறு ஆறிப்போகிறது, சாப்பிட வா என்று கூப்பிடுகிற அதே குரல். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவள் பதிலுக்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, "போய்ட்டு வா ஆத்தா" என்று சொல்லிக் கையை எடுத்தாள்.

அப்பா செதுக்கினார். தேர்ந்த கை இல்லை. வெகு நேரம் பிடித்தது. மஞ்சளும் மரமுமாக விழுந்த சிராயை அம்மா ஒன்றுவிடாமல் மடியில் பொறுக்கினாள். முடிந்ததும் தண்டல் கையை நீட்டினார். அவள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதும்மா."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்யா" என்றாள்.

அவர் வற்புறுத்தவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு அம்மா தானாகவே எழுந்து தண்ணீருக்கு நடந்தாள். கடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். எந்தப் பயமும் இல்லாமல் முழங்கால் வரைக்கும் இறங்கினாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சிராயைக் கொட்டினோம். அலை பாதியைத் திரும்ப எங்கள் காலடிக்கே கொண்டுவந்தது. அம்மா குனிந்து குனிந்து அதையெல்லாம் உள்ளே தள்ளினாள்.

ஆடியில் புதிய பெயர் வைக்கக் கூடாதென்று தோணி ஒரு மாதம் பெயரில்லாமல் மணலில் கிடந்தது. ஆவணியில் முருகன் பெயரை எழுதித் தண்ணீரில் இறக்கினார்கள். அதன் பிறகு வந்த தந்தியை நான் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதாம்மா."

"அது வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சாமி பெயரை அப்படிப் பேசியதற்குப் பிற்பாடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் தந்திக்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் எழுந்து வருவது நின்றுபோனது. முதலிலிருந்தே நான் பெயரோடு வாசித்திருந்தால், எங்கோ ஒரு கரையில் மகள் சுகமாக இருக்கிறாள் என்கிற அந்த இரண்டு வரிக்கு அவள் பழகியிருப்பாளோ என்று பல வருஷம் நினைத்துக் குமைந்திருக்கிறேன். தெரியவில்லை. அப்பா இரண்டு வருஷத்தில் தோணியை விற்றுவிட்டார்.

எனக்கு மதுரையில் கல்யாணமாகி முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. அக்காவின் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கும் அதே ஆசை. பெயர் சூட்டும் அன்று குழந்தையை அம்மா மடியில் வைத்து, "நீயே காதுல சொல்லும்மா" என்றேன்.

அம்மா குனிந்தாள். குழந்தையின் காதருகே வாயை வைத்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

"வேண்டாம் தாயி" என்றாள். "ஒரு தடவ வச்சு எடுத்தாச்சு. இன்னொரு தடவ எடுக்கச் சொன்னா என் கை வராது."

என் மாமியார்தான் சமாளித்துக்கொண்டு, தன் தாயாரின் பெயரை வைக்கலாமா என்று கேட்டார். அம்மா அந்தப் பெயரை மூன்று தடவை குழந்தையின் காதில் சொன்னாள்.