தாதா தேடிய சொல்

எண்பதுகளில் ஜனக்புரியிலிருந்து நான் ஆபீஸ் போகும் பஸ்ஸில் ஒரு வங்காளிப் பெரியவர் வருவார். வங்காளிகள் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை 'தாதா' என்போம். தடித்த கண்ணாடி, கசங்கிய குர்த்தா. மடியில் நோட்டை விரித்து, ஏதோ வங்காளப் பத்திரிகைக்காகக் காளி பக்தியைப் பற்றி எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு சொல்லில் தடுக்கினால் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுவிடுவார்.

ஒருநாள் என்னிடம் ஹிந்தியில் கேட்டார். "பாயி சாஹப், வியாகுலதாவுக்கு உங்க தமிழ்ல என்ன?"

"எங்க ஊர்ல வியாகுலம்னா துக்கம், தாதா."

"துக்கமில்லை. குழந்தை அம்மாவைத் தேடி அழுமே, அது. அப்படி அழுதா அவ வராம இருப்பாளா?"

"அப்போ, தவிப்பு."

"தொபிப்பு, தொபிப்பு" என்று வங்காள உச்சரிப்பில் சொல்லிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டியதை இருவருமே கவனிக்கவில்லை.

தினமும் சாமி கும்பிட்டவன்தான் நான். ஒருநாளும் தவித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.