வடை கட்டும் காகிதத்தில் வந்த படிப்பு

வடை விற்கிறவளுக்கு ஒரு கண் எண்ணெய்ச் சட்டியிலும் மறு கண் கூடையிலும் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு கண் கேட்டவள் நான். கைப்பிள்ளையும் அடுப்புமாய்க் கிடந்துகொண்டு படிக்கவும் ஆசைப்படுகிற அக்கா தங்கைகளே, என் பாடு உங்களுக்குப் புரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றது. கல்யாணமாகி மாரிகுப்பத்தில் குடித்தனம், தங்கச் சுரங்கத்துக்குள் ஆளிறங்கும் ஷாஃப்ட்டு வாசலில் வடைக்கூடை. புத்தகம் வாங்க வழியில்லை. ஆனால் வடை கட்ட வாங்கும் பழைய காகிதத்திலும் எழுத்து இருக்கிறதே!

எடைக்குப் படிப்பு

காகிதக் கடையில் மற்றவர்கள் மேலே கிடக்கும் கட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டாய்ப் பிரித்து, இந்த மாதம் என்ன பாடம் என்று தேடுவேன். ஒருநாள் மாட்டு வைத்தியம் அகப்பட்டது. கோமாரி, அடைப்பான் என்று தாள் தாளாக! அணைத்துக்கொண்டேன்.

"உங்கிட்ட ஆடுகூடக் கிடையாதே, மாட்டு வைத்தியம் இன்னாத்துக்கு?" என்றார் கடைக்காரச் செட்டியார்.

"மாடு வாங்குறப்போ இந்தக் கட்டு கிடைக்குமா?" என்றேன்.

தராசைக் கீழே வைத்தார். "எடைக்குத்தாம்மா காசு, அறிவுக்கு இல்ல. தூக்கினு போ."

எரிமலை சுரங்கத்துக்குள் இறங்கியது

அடுத்து பூகோளம். மலை வெடிக்கப் போகிற இடத்தில் தாள் முடிந்துவிட்டது. மறு தாளைத் தேடினால், காலையில் சுரங்கத்து வேலைக்கு வந்த முனுசாமி அண்ணனுக்கு வடை கட்டிக் கொடுத்தது அதில்தான்! அவர் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கிப் பல மணி நேரமாகிவிட்டது.

ஷிப்டு முடிந்து கேஜ் மேலே வரும்வரை பிள்ளையோடு நின்றேன். "அண்ணே, என் எரிமலை எங்கே?" முகமெல்லாம் மண்ணாக வந்தவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். வெளிச்சத்துக்குத் தொப்பியில் செருகிய மெழுகுவர்த்தி ஆடாமலிருக்க அடியில் என் தாளைச் சுற்றியிருந்தார். கருகிய ஓரம்தான் மிச்சம்.

"எரிமலையா? அதான் அப்படி எரிஞ்சுதா தங்கச்சி!"

படித்த பிறகே கட்டுவேன்

அன்றிலிருந்து படிக்காத தாளில் நான் வடை கட்டுவதில்லை. மின்சாரப் பாடத்தை எடுத்தபோதுதான் வினை வந்தது. சுரங்கத்துக்குக் கம்பி வரப்போகிறது என்று ஒரே பேச்சு; அது என்னவென்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ஒரு தாளை நான் முடிப்பதற்குள் வடைக்கு நின்றவர்கள் வாசலையே அடைத்துவிட்டார்கள்.

சுரங்கத்து மேஸ்திரி பிரம்போடு வந்தார். வாசலில் யார் உட்காரலாம் என்பது அவர் வைத்த சட்டம். "நாளையிலிருந்து படிப்பா, வடையா? படிப்புன்னா இங்க வேற பொம்பள குந்துவா." இடம் போனால் வடையும் போச்சு, காகிதமும் போச்சு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். மீந்த வடையைக் கடித்தபடி யோசித்தார்.

"மின்சாரம் பாதியில நிக்குதா? முடிச்சிட்டுச் சொல்லு, எனக்கும் தெரியணும்."

தெருவுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் மேஸ்திரி வாசலில் காத்திருந்தார். நான் தெருவைத் தாண்டி எதிரிலிருந்த புங்கமரத்தடியில் கூடையை இறக்கினேன். அங்கே அவர் பிரம்பு செல்லாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தேன். ஷிப்டுக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருத்தரும் தாண்டி வரவில்லை. இருந்தும் வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு நிழல் தாளில் விழுந்தது. முனுசாமி அண்ணன்! "அருவியில தண்ணி விழுந்தா இங்க வெளக்கு எரியுமாமே? அதை உரக்கப் படி. வடையை நாங்களே எடுத்துக்கிறோம்." அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். உரக்கவே படித்தேன். மேஸ்திரி அந்தப் பக்கமிருந்து கத்த, அண்ணன் வாய் நிறைய வடையோடு திரும்பினார்.

"சத்தம் போடாதீங்க மேஸ்திரி, பாடம் நடக்குது!"

இந்த மாதம் எனக்குப் பாடம் பாம்புக்கடி வைத்தியம்; மேஸ்திரியும் இப்போது தெருவைத் தாண்டி வந்து வடை வாங்குகிறார், படிப்பு ஆகாதென்றவராச்சே, அவருக்கு மட்டும் இலையில்தான் கட்டுகிறேன்.