இரண்டாவது தையல்

தறியில் உட்கார்ந்தாலும் பாயில் படுத்தாலும் ஸகியா இடப்பக்கமாகவே சாய்வார். ஒப்பரேசனில் அறுத்த பக்கம் அதுதான். "மத்தப் பக்கம் சரிஞ்சா நல்ல சுவாசப்பைக்குள்ளயும் தண்ணி போயிரும் எண்டு டொக்டர் சொன்னவர். மூணு மாசம் அப்படியே கிடந்து பழகிட்டுகா" என்பார். ஆபத்து நீங்கி ஆறு வருடமாகிறது. உடம்புதான் இன்னும் நம்பவில்லை.

மருதமுனையில், இடுப்பில் கட்டும் சாரன் நெய்பவர். வயது நாற்பது. நடந்துகொண்டே பேசமாட்டார். தெருவில் யாராவது சலாம் சொன்னால் நின்றுதான் பதில் சொல்வார். பின்னால் வரும் சைக்கிளும் நின்றாக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், அவருடைய சுவாசப்பையில் காசநோய் தின்ற பகுதியைக் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வெட்டியெடுத்தார்கள். தைத்த மூச்சுக்குழாயின் நுனி ஒட்டவில்லை. இழுத்த காற்று அந்த ஓட்டையால் நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்தது. விலாவில் செருகிய குழாயின் மறுமுனை கட்டிலடியில் தண்ணீர்ப் போத்தலுக்குள் இருந்தது. அவர் இருமும்போதெல்லாம் அதில் குமிழ் எழும். மறுபடி திறந்து, விலாவிடைத் தசையில் ஒரு துண்டைத் திருப்பி ஓட்டையின் மேல் வைத்துத் தைத்தார்கள். நான்காம் நாள் இருமிப் பார்த்தார். போத்தலில் குமிழ் எழவில்லை. "நேர்ஸ் சிங்களத்தில என்னவோ சொல்லிச் சிரிச்சா. எனக்கி அது நல்லா விளங்கிச்சி."

போன மாதம் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனவர், மருந்து கட்டும் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அன்னப்பிள்ளையைக் கண்டார். பாண்டிருப்பு வயல்காரி. அதே ஒப்பரேசன், அதே கசிவு, விலாவில் அதே குழாய். ஓட்டையை அடைக்க வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. போகாவிட்டால் மற்றச் சுவாசப்பையும் பழுதாகும் என்று டொக்டர் சொல்லியும் அவர் அசையவில்லை.

"ஒருக்கா அறுத்தது போதும்கா. செத்தா வீட்டில சாகிறன்."

"அப்ப நானும் இதத்தான் சொன்னன்" என்றார் ஸகியா.

"வலிக்குமா?"

"ஓம், வலிக்கும். பதினஞ்சி நாள் நல்லா வலிக்கும். மறுகா கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். நான் இப்ப தறியில இரிக்கன்."

அன்னப்பிள்ளை நம்பாமல் பார்த்தார். ஸகியா முக்காட்டை ஒதுக்கி, அவருடைய கையைப் பிடித்து, சட்டைக்கு மேலாகவே தன் முதுகுத் தழும்பில் வைத்தார். பிறகு ஆழமாக மூச்சை இழுத்தார். விலா விரிந்து அந்தக் கையைத் தள்ளியது. மூச்சை விட்டு, இன்னொரு முறை இழுத்தார். அன்னப்பிள்ளை கடிதத்தை மடியில் வைத்துவிட்டு, மற்றக் கையையும் கொண்டுவந்து அங்கே வைத்தார்.