பெர்த்தாம் பாரு

என் வீட்டுக்காரரைப் போல மோசமான பயணியை இந்த மலை பார்த்திருக்காது. ஆயுசில் பாதிக்கு மேல் லோரி ஓட்டியவர் அவர். முதலில் தோட்டத்துக் கொழுந்து லோரி, பிறகு காய்கறி லோரி. ஸ்டீயரிங் கையில் இருக்கும்வரை எந்த வளைவும் அவரை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டால், கொஞ்ச தூரத்திலேயே முகம் வெளுத்துவிடும். வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் பை.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவர் கண்ணில் கை வைக்கும்வரை இதை நான் சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் சொல்லிவந்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் இடது கண் அநேகமாகப் போய்விட்டது என்று தெரிந்தது. அத்தோடு லோரியும் போனது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். போன கண் போனதுதான், வலது கண்ணைக் காப்பாற்ற மலைக்குக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் லேசர் சிகிச்சை எடுக்க வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது, திரும்பத் திரும்பப் போக வேண்டும். தேதி கொடுத்தார்கள். இவர் போகவில்லை. இரண்டாவது தேதியும் அப்படியே கழிந்தது.

“அவ்ளோ வளைவுலயும் பஸ்ஸுல ஒக்காந்து என்னால வரமுடியாதுலா. கண்ணு போனா போவுது, வூட்லயே இருந்துக்கறேன்” என்றார்.

வாந்திக்குப் பயந்து மட்டும் சொன்னதல்ல அது. இன்னொருவர் ஓட்ட, தான் சும்மா உட்கார்ந்து போவதை அவரால் தாங்க முடியவில்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. வீம்புக்காக ஒரு மனுஷன் இருக்கிற ஒரு கண்ணையும் விட்டுக்கொடுப்பதை என்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை பாக்கெட் போடும் அறைக்கு நான்தான் கங்காணி. எந்த லோரிக்கு எந்தப் பெட்டி, யாருக்கு எப்போது லீவு என்று நாள் முழுக்கத் திட்டம் போடுவதுதான் என் வேலை. திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை, மானேஜரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவரைக் கெஞ்சிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திட்டம் போட உட்கார்ந்தேன். ஒரே ஒரு தடவை, வாந்தி இல்லாமல், வெட்கம் இல்லாமல், பயணியாக எங்காவது போய் வந்துவிட்டால் மனுஷன் ஈப்போவுக்கும் வந்துவிடுவார். அதற்கு வளைவே தெரியாத வண்டி ஒன்று வேண்டும்.

கல்யாணமான புதிதில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் குவா மூசாங்குக்குக் காய்கறி கொண்டுபோகும்போது ரயில்வே கேட்டில் லோரியை நிறுத்திவிட்டு ரயிலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். “அதுக்கு ஸ்டீயரிங்கே இல்ல தெரியுமா? ஓட்டுறவனும் சும்மாதான் ஒக்காந்துருக்கான்” என்று ஆச்சரியமாகச் சொல்வார். எங்கள் மலையில் ரயில் கிடையாது. அவரும் ஏறியதில்லை, நானும் ஏறியதில்லை.

முதலில் என் ஆசை பெரிதாகத்தான் இருந்தது. ஊட்டி மலை ரயிலைக் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பல்சக்கரம் பிடித்து மலை ஏறும் சின்ன ரயில், ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டம். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் இடிப்பது தேயிலை. அதைப் பார்க்க விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போகவேண்டுமா என்ன? என் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகவும் ஆகாது.

நம் ஊர்த் தண்டவாளமும் ஒடுக்கமானதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு கம்பிக்கும் நடுவில் ஒரு மீட்டர்தான். ஊட்டி ரயிலுக்கும் அதே அகலம். குவா மூசாங்கிலிருந்து தாபோங் வரைக்கும் காட்டுக்குள், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, ஆற்றுப் பாலம் தாண்டிப் போகிறது அந்த ரயில். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள். கட்டணமோ தானா ராத்தாவில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடும் செலவு கூட வராது. இவருக்கு அறுபது தாண்டியதால் அதிலும் சலுகை.

குவா மூசாங் வரை போவதுதான் செலவு. டாக்சி கேட்டுப் பார்த்தேன். சொன்ன தொகைக்கு ரயிலில் பத்துத் தடவை போய் வரலாம். அப்போதுதான் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு குவா மூசாங் போகும் லோரிக்காரர் நினைவுக்கு வந்தார். என் வீட்டுக்காரரின் லோரியில் ஒரு காலத்தில் கெலிண்டானாக, மூட்டை ஏற்றி இறக்கும் ஆளாக, இருந்தவர். போன் போட்டேன். “அண்ணனுக்கு இல்லாத லோரியா அண்ணி?” என்றார். போகவும் வரவும் செலவில்லாமல் ஏற்பாடு ஆகிவிட்டது.

மிச்சம் இருந்தது இவருடைய சம்மதம். சாயங்காலம் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, ரயில் நிற்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

“லிமாவ் கஸ்தூரி. பெர்த்தாம் பாரு” என்றேன்.

“பெர்த்தாம்ல என்னத்தப் பாக்குறது? அணையத் தொறந்து சேறு வந்தப்பவே எல்லாத்தையும் பாத்தாச்சு” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, “பெர்த்தாம்தானே, கிட்டத்துலதான். சரி, போலாம்” என்றார்.

அவர் சரி என்றதே எனக்குப் பெரிதாக இருந்தது. எதற்குச் சரி என்றார் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் அணைக்குக் கீழே இருக்கும் காய்கறிப் பள்ளத்தாக்கு லெம்பா பெர்த்தாம். இவர் வருஷக்கணக்காக மூட்டை ஏற்றிய இடம். பக்கத்து மாநிலம் கிளந்தானில் ரயில் நிற்கும் ஊர் பெர்த்தாம் பாரு. பாரு என்றால் மலாய் மொழியில் புதிது என்று தெரியாதவரா இவர்? ஆனாலும் நான் தமிழில் படித்துக் காட்டியதால், பெர்த்தாமைப் போய்ப் பார் என்று நான் சொல்வதாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். பாதிக் கவனம் தொலைக்காட்சியில் இருந்ததால், அங்கே ரயில் எப்படி வரும் என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் தானா ராத்தாவில் வழக்கமாக ரொட்டி சானாய் சாப்பிடும் பாய் கடையில், சனிக்கிழமை பெஞ்சாதியோடு பெர்த்தாமுக்கு ரயிலில் போகிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. “அண்ணே, பெர்த்தாமுக்கு எப்பண்ணே ரயில் வுட்டாங்க? முட்டைக்கோஸ் ஏத்தவா?” என்று பாய் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்தவர் முகம் சிவந்துபோயிருந்தது.

“ஒழுங்கா சொல்ல மாட்டியா நீ?”

“நான் ஒழுங்காத்தான் சொன்னேன். ஜொகூர் பாருன்னு ஒரு ஊரு இருக்கே, அதுக்கு ஜொகூரப் போய்ப் பாருன்னு அர்த்தமா?” என்றேன். “இப்ப என்ன, வேணாம்னு சொல்லிடவா?”

“கடையில அத்தன பேருகிட்டயும் போறேன்னு சொல்லிட்டேன்லா. போகாம இருந்தா இன்னும் சிரிப்பானுங்க.”

நான் போட்ட எல்லாத் திட்டத்தையும்விட அவர் செய்த அந்தத் தப்புதான் எனக்குக் கை கொடுத்தது.

சனிக்கிழமை விடியுமுன்னே லோரி வந்தது. வாயில் அடக்கிக்கொள்ளப் புளிப்பான அசாம்போய், தைலம், பிளாஸ்டிக் பை, புளிச்சோறு, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி எல்லாம் என் பையில் இருந்தன. நீங்கள் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், காற்று வரும் என்றேன். கேட்கவில்லை. நடுவில்தான் உட்காருவேன், மீட்டர் தெரிய வேண்டும் என்றார். அங்கிருந்தால்தான் அடுத்தவர் ஓட்டுவதைக் கண்காணிக்க முடியும். கம்போங் ராஜா தாண்டியதும் வலது கால் மிதிக்கத் தொடங்கியது. “கியரக் கொறடா. ஹாரன் அடி” என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். லோஜிங் இறக்கத்தில் பேச்சு நின்றது. நான் பையை நீட்டினேன்.

லோரிக்காரர் ஓரமாக நிறுத்தினார். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். “தோட்டத்துலயும் காலையில பெரட்டு, லோரியிலயும் பெரட்டாண்ணே?” என்றார். அவர் பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் இவர் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, “திரும்பிப் போயிடலாம்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். இங்கே திரும்பினால் ஈப்போ என்ற பேச்சையே இனி எடுக்க முடியாது.

“ரயில ஓட்டுறவனுக்கே ஸ்டீயரிங் இல்லன்னு சொன்னது யாரு? அத வந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். அவர் மறுபடி நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

குவா மூசாங் ஸ்டேஷனில் ரயில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று பெட்டிதான். கிளந்தான் பெண்கள் கூடைகளோடு ஏறினார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். இவர் என் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்தது. கால் ஒரு தடவை தரையை அழுத்தியது. இன்னொரு தடவை அழுத்தியது. நான் வெளியே பார்ப்பது போல அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குன்றுகள் வந்தன, ரப்பர் மரங்கள் வந்தன, பிறகு இரண்டு பக்கமும் காடு. எங்கேயோ ரயில் நீளமாக ஊதியது. இவர் தலை நிமிர்ந்தது.

“ஹாரன் அடிக்கிறான்” என்றார், திருப்தியாக.

அதற்குப் பிறகு அந்தக் கால் அசையவில்லை.

சின்னதாக ஒரு ஸ்டேஷனில் நின்றோம். ஒருவர் இறங்கினார், யாரும் ஏறவில்லை. இவர் என் மேல் சாய்ந்து, வலது கண்ணை ஜன்னலுக்குத் திருப்பி, பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“பெர்த்தாம் பாரு” என்றார்.

“என்னத்தப் பாக்குறது?” என்றேன், அவர் கேட்ட மாதிரியே.

அவர் சிரித்தார். எவ்வளவோ மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. “தெரியுற வரைக்கும் பாத்துக்கலாம்” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டம் போட எனக்குத் தெரியும், இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து இடம் மாறி அவரை ஜன்னல் ஓரம் தள்ளினேன். தாபோங் வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் பழுப்பாக ஓடியதை, கரையில் யாரோ துணி துவைத்ததை, எனக்குக் கண் இல்லாத மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தாபோங்கில் புளிச்சோறு சாப்பிட்டோம். திரும்பும் ரயிலிலும் அதே ஜன்னல், அதே பேச்சு.

குவா மூசாங்கில் காலி லோரியோடு லோரிக்காரர் காத்திருந்தார். கதவைத் திறந்து, “ஏறுங்கண்ணே, நடுவுலதானே?” என்றார்.

இவர் ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார்.

“நீ ஏறு. ஜன்னல் எனக்கு” என்றார். நான் ஏறி நடுவில் உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். “ஈப்போவுக்குப் போறப்பவும் அப்படித்தான். இப்பவே சொல்லிட்டேன்.”