பெருமாளோடு போட்டி போட்டு ஓடியபோது

ரப்பர் தோட்டத்தில் ஆள்பேர் பதியும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றதும், ஈப்போ பத்து மைல் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். வாரம் அரை மைல் மட்டும் கூட்டுவதென்று முறைப்படி அட்டவணை போட்டேன். எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, இப்போது ஜெலாப்பாங் தொழிற்சாலையில் இருக்கும் பெருமாளும் அதே நாளில்தான் ஓடத் தொடங்கினார். மூன்றாவது வாரம் நான் மூன்று மைல், அவர் ஏழு. எனக்கு வயிறெரிந்தது.

மறுநாள் அட்டவணையை மறந்து அவர் பின்னால் ஓடினேன். ஐந்தாவது மைலில் கெண்டைக்கால் இழுத்துச் சாலையிலேயே விழுந்தேன். பின்னால் வந்த லாரி சட்டென ஒதுங்கியதால் பிழைத்தேன்.

முன்னால் போன பெருமாள் திரும்பி வந்து என் காலை நீவிவிட்டார். "கிராணியாரே, நான் இருபது வருசமா மரத்துக்கு மரம் ஓடுன ஆளு லா. நீங்க உக்காந்து பேரு எழுதுனீங்க. ரெண்டு பேரும் ஒன்னாவா ஆரம்பிச்சோம்?"

இப்போது அட்டவணையைத் தாண்டுவதில்லை. பெருமாள் ஓடும் சாலைக்கும் போவதில்லை. அவர் முதுகைப் பார்த்தால் மறுபடியும் வேகம் கூட்டிவிடுவேன்.