கந்தக வீரன் காப்பாற்றிய என் அத்தை

பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது என் அப்பா விட்டுவிட்டு வந்த தங்கையை, நான் ஒரு படக்கதையில் காப்பாற்றிவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

சிரிக்காதீர்கள்... அல்லது சிரியுங்கள். உங்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவன் நான்.

சிவகாசி அச்சகம் ஒன்றுக்காகக் கந்தக வீரன் என்றொரு பறக்கும் நாயகனை எழுதிவந்தேன். இந்த வெயிலில் முதுகில் போர்வையைக் கட்டிக்கொண்டு பறப்பவனுக்கு வேர்க்குரு வராதா என்று ஒரு வாசகர்கூடக் கேட்டதில்லை! இப்படிப்பட்ட வீரர்கள் எங்கிருந்து பிறக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எவர் வீட்டிலோ போரில் ஒருவர் தொலைந்திருப்பார். அந்த வீட்டுப் பிள்ளை பிற்பாடு பேனாவை எடுத்திருப்பான்.

எங்கள் வீட்டில் தொலைந்தது லச்சு அத்தை. ரங்கூனில் குண்டு விழுந்ததும் குடும்பம் கால்நடையாகக் கிளம்பியது. அப்பாவுக்கு ஒன்பது வயது, அவளுக்கு நாலு. தங்கையைத் தூக்கி வருவது அவர் பொறுப்பு. ஒரு மலைச்சரிவில் விமானச் சத்தம் கேட்டதும், அவளை இறக்கிவிட்டு ஓடிவிட்டார். பெற்றவர்கள் கேட்டபோது, பின்னால் வருகிறாள் என்றிருக்கிறார்.

இதை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிச்சத்தம் கேட்ட ஒரு மதியம் அது. ஊரே சத்தம் வந்த திசையைப் பார்த்தது. அவர் மட்டும் வானத்தைப் பார்த்தார்.

எழுதிவிட்டேன். அவரைக் கேட்காமலே எழுதிவிட்டேன்! என் வீரன் பாதி வழியில் திரும்பிப் பறக்கிறான். சிவப்புப் பாவாடைச் சிறுமியைத் தோளில் தூக்கி வருகிறான்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிழை பார்ப்பவர் கையெழுத்துப் போடாமல் எந்தப் பக்கமும் அச்சில் ஏறாது. பிழை பார்ப்பவர் யார் என்கிறீர்களா? அப்பாதான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் வைத்தே பார்த்துக் கொடுத்தார். வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம்... தோன்றவே இல்லை.

மறுநாள் தாள்களைத் திருப்பித் தந்தார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. ஓரத்தில் ஒரே ஒரு திருத்தம்: ‘பாவாடை பச்சை.’

“ஒம் ஆளு அம்புட்டு தூரம் பறந்து திரும்பிப் போறாம்லே,” என்றார். “நெசத்துல கூப்பிடு தூரந்தான். அவ கூப்பிட்ட சத்தமுங் கேட்டுச்சு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கதைதானப்பா.”

திருத்தத்தைக் காட்டியதும் அச்சகத்தில் மெஷின்காரர் சிரித்தார். “அண்ணாச்சி, ஒங்கப்பா கையெழுத்து வந்துரும்னு நம்பி பிளேட்டு போட்டாச்சு. பட்டாசு லேபிள் ஆர்டர் அம்புட்டும் நிக்கி. சீசன்ல வந்து பாவாடைய மாத்தச் சொல்லுதீக... ஜவுளிக்கடைன்னு நெனச்சீகளா?”

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை மதிப்பது என் தொழில்.

“மாத்திட்டாகளாலே?” என்றார் அப்பா, நான் செருப்பைக் கழற்றுமுன்பே.

“மாத்தியாச்சுப்பா.”

புத்தகம் வந்தது. அந்தப் பக்கத்தை எடுத்தார், பார்த்தார், மூடினார். “அச்சு நல்லா விழுந்திருக்கு.” அதன் பிறகு என் கதைகளைப் பிழை பார்க்க அவர் வாங்கவே இல்லை. கண் தெரியவில்லையாம். செய்தித்தாளை மட்டும் வரி விடாமல் படித்தார்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது மறுபதிப்பு. கணினியில் நிறம் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. படத்தைத் திறந்தேன்.

எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, வாழைக்குருத்தா? கேட்டிருக்கலாம். அத்தனை வருடமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்...

சிவப்பாகவே அனுப்பிவிட்டேன்.