நாலு பேருக்கு ஒரு தட்டு

புதுச்சேரிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. முல்லா வீதி வீட்டில் விருந்து என்றால் எனக்கு இன்னமும் கை கூசுகிறது. என் கணவர் குடும்பம் காரைக்கால் வழி. விசேஷ நாளில் சகன் என்கிற பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நான் என் பக்கத்துச் சோற்றை விரலால் ஒதுக்கிக்கொள்வேன். "பெரிய எடத்துப் பொண்ணு, வரப்பு கட்டி சாப்புடுது" என்று நாத்தனார் கிண்டல் செய்வார். நாக்கு கலிமா சொல்லப் பழகிவிட்டது, கைதான் பழகவில்லை.

தெற்கே எங்கள் ஜமீன் பெயரளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. ஓடு சரிந்த பிறகும் எச்சில் பார்ப்பது மட்டும் குறையவில்லை. அப்பாவின் தம்ளரை யாரும் தொடக்கூடாது. அம்மாவுக்குத் தனிச் செம்பு. அங்கிருந்து கிளம்பி வந்து, இஸ்லாத்தைத் தழுவி, மரியம் ஆனேன். காதலுக்காக மாறினேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் தொழுகையில் யார் பக்கத்திலும் யாரும் தோளோடு தோள் நிற்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போன மாசம் கண் ஆபரேஷனுக்காகத் தம்பி அம்மாவை இங்கே அழைத்து வந்தான். ஸ்டேஷன் பக்கம் லாட்ஜில் தங்கினார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் என்னை மன்னித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். எண்பது வயசு, இன்னொரு முறை வரமாட்டாள். நாத்தனார் அம்மாவுக்கென்று தலைவாழை இலை வாங்கி வைத்திருந்தார். அம்மா இலையைப் பார்த்தாள், சகனைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் எதுக்குத் தனியா?" என்று எங்களோடு கீழே உட்கார்ந்தாள். நாலு கவளம் சாப்பிட்டாள். தாளிச்சா நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, அழுதுகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் தம்பிக்கு போன் செய்து அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டேன். அவன் வெள்ளந்தி.

"இப்பதான் படுத்தாங்கக்கா. வந்ததும் தலைக்கு ஊத்திக்கிட்டாங்க. சளி புடிச்சா நாளைக்கு ஆபரேஷன் செய்ய மாட்டாங்கன்னு சொன்னேன், கேக்கல."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில், முதல் முதலாகச் சகனில் சாப்பிட்ட அன்று, எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலைமுழுகினேன். வெயில் தாங்கவில்லை என்று இவரிடம் சொன்னேன். இன்றுவரை வெயில் என்றுதான் இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.